எழுதாத ஜூலை 11

ஆகஸ்ட் 3, சனி

ஆர்மி கமாண்டர் கூப்பிட்டனுப்பினார். பத்து மணிக்குப் போனேன். காபி வந்தது, பிஸ்கட் வந்தது, என் முட்டிவலியைப் பற்றி விசாரிப்பும் வந்தது. மேலதிகாரி முட்டிவலியை விசாரித்தால் வேறெங்கோ அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி.

பிஸ்கட் முடிந்ததும் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். டைப் செய்த ஆறு வரி. ஒரு கடிதத்திலிருந்து எடுத்த பகுதியாம். முழுக் கடிதத்தைக் காட்டவில்லை. அனுப்பியது யார் என்று கேட்டேன்.

"அது இப்போது உங்களுக்கு வேண்டாம், குலசேகரன்" என்றார்.

ஆக, மொட்டைக் கடிதம்.

விஷயம் இதுதான். ஜூலை 11 அன்று பயிற்சியில், ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலம் போட வடக்கயிறு கொண்டுபோன படகு கவிழ்ந்தது. என் டிவிஷனின் பொறியாளர் படையில் இரண்டு பேர் இறந்தார்கள். லான்ஸ் நாயக் இசக்கிமுத்து, சாப்பர் ஜெபராஜ். வெள்ளம் ஏறியிருந்தும் படகை இறக்கச் சொன்னது அந்தப் படையின் கர்னல் எட்வின் தேவசகாயம். முதல் விசாரணையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கதை இது. கதை என்று எழுதிவிட்டேன். நிலவரம்.

கடிதம் வேறு சொல்கிறது. கர்னல் ஒரு நாள் தள்ளிப்போடக் கேட்டாராம், டிவிஷன் கமாண்டராகிய நான் மறுத்தேனாம். விசாரணையை மறுபடி திறக்கிறார்கள். செப்டம்பர் 4. அந்த மாதக் கடைசியில்தான் லெஃப்டினன்ட் ஜெனரல் பதவிக்கான தேர்வுக் குழு கூடுகிறது. எவனோ நாள் பார்த்து எழுதியிருக்கிறான்.

தினமும் எழுதும் இந்த டைரியில் இன்றிலிருந்து இந்த விஷயத்தையும் ஒன்று விடாமல் குறித்து வைக்கப் போகிறேன். தமிழில்தான். இந்தத் தலைமையகத்தில் டைரியைப் பூட்டி வைப்பதைவிடத் தமிழில் எழுதி வைப்பது பத்திரம். பேனா நன்றாக ஓடுகிறது. யாருடையதோ, என் சட்டைப் பையில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தோட்டத்துக் கொய்யாவைக் கிளிகள் கொத்தித் தள்ளுகின்றன. வலை போடச் சொன்னேன்.

அந்த ஆறு வரியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நான் சொன்னதாக அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் தமிழ் இப்படி இருக்கும்: "ஆறு வடியட்டும்னு காத்துக் கிடக்கிறதுக்குப் பட்டாளம் எதுக்குய்யா? பரிசல் துறையைக் குத்தகைக்கு எடுத்துப் பொழைச்சுக்கலாமே."

சொன்னதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் தமிழில்தான் சொல்லியிருப்பேன். எட்வின் நாகர்கோவில்காரன், நான் விருதுநகர். தனியாக இருந்தால் தமிழ்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் விசாரணையில் எட்வின் "தள்ளிப்போட ஜெனரல் சம்மதிக்கவில்லை" என்று மட்டும்தான் சொன்னான். இந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. அப்படியென்றால் காதில் விழுந்த வேறு யாரோ எழுதியிருக்கிறான்.

அன்று கரையில் இருந்தவர்கள்: நான். எட்வின். என் உதவி அதிகாரி கேப்டன் சௌகான், ராஜஸ்தான்காரன். வயர்லெஸ் ஆபரேட்டர் ஹவில்தார் பொன்னையா, சாத்தூர்ப் பக்கம். பதினொன்றரைக்கு இது நடந்தது, பன்னிரண்டுக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டு மணிக்கு வீட்டில் சாப்பாடு. சுகுணா வத்தக்குழம்பு வைத்திருந்தாள். நல்ல பசி, நல்ல மனநிலை, பேசிச் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றரைக்குப் படகு இறங்கியது. நாலேகாலுக்கு போன் வந்தது.

பதினொன்றரைக்கு எதுவும் நடக்கவில்லை. மேலே எழுதியது அவர்கள் சொல்வது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சௌகான் என்னோடு ஒன்றரை வருஷமாக இருக்கிறான். சுகுணா கொடுக்கும் இட்லியைச் சட்னியோடு தின்கிறான், "போதும்மா" என்கிறான். அதற்கு மேல் எவ்வளவு தெரியும்?

இன்று காரில் போகும்போது சோதித்துப் பார்த்தேன். முகத்தை மாற்றாமல் தமிழில், "சௌகான், உன் காலர்ல தேள் ஏறுது" என்றேன்.

"சார்?" என்றான், சிரித்த முகமாக.

"ஒண்ணுமில்ல, கழுத்துக்கிட்ட வந்துடுச்சு" என்றேன்.

அப்போதும் சிரித்தான். கழுத்தில் கை போகவில்லை. தமிழ் தெரியாதவன் அப்படித்தான் இருப்பான். நன்றாகத் தெரிந்து, நான் சோதிக்கிறேன் என்பதும் தெரிந்தவனும் அப்படித்தான் இருப்பான். டிரைவர்தான் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பொன்னையாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். விறைத்து நின்றான்.

"அன்னிக்கு நீ எங்கே இருந்தே?"

"வண்டிக்குள்ள சார். காதுல ஹெட்போன்."

"கர்னல்கூட நான் பேசினது கேட்டுச்சா?"

"இல்ல சார்."

"என்ன பேசினேன்னு கேட்டேனா? கேட்டுச்சான்னுதான் கேட்டேன். எதுக்கு இவ்வளவு சீக்கிரமா இல்லைங்கறே?"

அவனுக்கு வியர்த்தது. எனக்குப் போதும்.

சாயங்காலம் சுகுணா வீட்டில் இல்லை. வியாழக்கிழமையானால் இசக்கிமுத்துவின் மனைவி முத்துச்செல்வியைப் பார்க்கக் குடும்பக் குடியிருப்புக்குப் போய்விடுகிறாள். கமாண்டர் மனைவி ஒருமுறை போய் ஆறுதல் சொல்வது வழக்கம்தான். இவள் நாலாவது தடவை போகிறாள்.

ஆகஸ்ட் 9

பொன்னையாவை வேறு யூனிட்டுக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டேன். காரணம்: நிர்வாக வசதி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

என் கீழே துணை கமாண்டராக இருக்கும் பிரிகேடியர் பக்ஷியை நான் எப்போதுமே நம்பியதில்லை. நான் விழுந்தால் அந்த நாற்காலியில் தற்காலிகமாகவாவது உட்காரப் போவது அவன்தான். நேற்று மெஸ்ஸில் எட்வினோடு மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கோல்ஃப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எட்வினுக்கு கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

பக்ஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எட்வின் சொல்ல, இவன் எழுதியிருக்கலாம். இன்றிலிருந்து அவனோடு பதினொரு மணி டீ கிடையாது. சொல்ல வேண்டியதைக் கோப்பாக அனுப்பட்டும்.

வலையைக் கிழித்துக்கொண்டு கிளிகள் உள்ளே வந்துவிட்டன.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். கால் மணி நேரம் நின்றதில் முட்டி வீங்கிவிட்டது. எட்வின் கடைசி வரிசையில் நின்றான். யாரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. சாதாரணமாக இருந்தால் நானே கைகாட்டி முன்னால் கூப்பிட்டிருப்பேன்.

சுகுணா தன் பக்கத்து நாற்காலியில் முத்துச்செல்வியை உட்காரவைத்தாள். அது பக்ஷியின் மனைவிக்கு உரிய இடம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அங்க சீட்டு வரிசைன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும். அந்தப் பொண்ணுக்கு வெயில்ல உக்கார முடியலை. நிழல் அங்கதான் இருந்துச்சு."

இந்த வீட்டில் யாரும் இப்போது என்னிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 17, சனி

சௌகானை அவன் பழைய யூனிட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். விடைபெறும்போது சுகுணாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் "நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன், சார்" என்றான். இந்தியில்தான் சொன்னான். தப்பு செய்யாதவன் இவ்வளவு பணிவாகக் கேட்பானா?

ராத்தூக்கம் சரியில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

எட்வினை ஆபீசுக்கு வரச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்.

"நீதானே எழுதினே?"

"நான் எழுதியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன் சார்."

"அப்ப யாரு?"

"தெரியாது சார். ஆனா எழுதினவங்க நல்லா இருக்கட்டும்."

மெலிந்துவிட்டான். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறான். அன்று படகு கவிழ்ந்ததும் இவனே தண்ணீரில் குதித்து, கழுத்தளவு வெள்ளத்தில் நாற்பது நிமிஷம் தேடினானாம். நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் கரையேற்றினார்களாம். கமாண்டிங் ஆபீசர் அப்படிக் குதிக்கக் கூடாது. அதையும் அவன்மேல் ஒரு குற்றமாக முதல் விசாரணையில் எழுதினோம்.

"சார், அந்தச் சீட்டு..." என்றான்.

"எந்தச் சீட்டு?"

என் முகத்தையே பார்த்தான். பிறகு, "சரி சார்" என்றான். சல்யூட் அடித்தான். ஒரு குறையும் சொல்ல முடியாத சல்யூட்.

சீட்டு விஷயத்தையும் எழுதி வைக்கிறேன். பட்டாளத்தில் வாய்ச்சொல்லாக ஒரு உத்தரவு கொடுத்தால், வாங்கியவன் அதைச் சீட்டில் எழுதி நீட்டுவான். கொடுத்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்ட்ரக்டராக இருந்த மூன்று வருஷமும் இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். எட்வின் அப்படி ஒரு சீட்டை என்னிடம் கொடுத்ததாகச் சொல்கிறான். அவனிடம் இருப்பது கார்பன் நகல் மட்டும். அதைச் சம்பவத்துக்குப் பிறகுகூட உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்று விசாரணையில் நான் சொன்னேன். சட்டப்படி சரியான வாதம். ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காது குடையப் பஞ்சு தேடினேன். சுகுணா படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் ரசீது இருந்தது. தேதி ஜூலை 24. பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கைக்கு ஏதாவது அனுப்பியிருப்பாள். பஞ்சு கிடைக்கவில்லை.

பின்னால் வந்து நின்றவள், "என்ன தேடறீங்க?" என்றாள். சொன்னேன். எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைக்கவில்லை, இருந்த இடத்திலேயே திறந்தபடி விட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

என் மறதியைப் பற்றி ஒரு குறிப்பு. ஜூலை 12 காலையில் சட்டைப் பையில் ஒரு தாளைத் தேடினேன். சட்டை வெளுக்கப் போய்விட்டிருந்தது. பதறிப்போய் வீட்டு ஆபீஸ் அறைக்கு ஓடினால், தாள் என் மேஜைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் ஒழுங்காக விரித்து வைத்திருந்தது. நானே எடுத்து வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். ஐம்பத்தேழு வயதாகிறது.

அந்தத் தாளில் முக்கியமாக ஒன்றுமில்லை. இந்த டைரியின் பின் அட்டை உறைக்குள் இருக்கிறது. கிழித்துப் போட நேரமில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

விசாரணைக்கு என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினேன். "களநிலைமைக்கேற்ப முடிவெடுக்கும் முழுச் சுதந்திரமும் கர்னலுக்கு இருந்தது." நல்ல வாக்கியம். ஓட்டை எதுவும் இல்லை.

சுகுணா குடியிருப்பிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

"முத்துச்செல்வி இன்னிக்கு ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"'எட்வின் சார் மேல தப்புன்னு பேசிக்கிறாங்களே அக்கா, அவரு தண்ணிக்குள்ள கெடந்து எங்க வீட்டுக்காரரைத் தேடுனவரு. ஆறு ஏறிக் கெடக்குன்னு தெரிஞ்சும் அவரா எறங்கச் சொல்லியிருப்பாரு?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"நான் சொல்றதுக்கு என்னங்க இருக்கு? நீங்க சொல்லுங்க, போய்ச் சொல்லிடறேன்."

வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணை யாரோ தூண்டிவிடுகிறார்கள். பக்ஷியின் மனைவியாக இருக்கலாம்.

செப்டம்பர் 2, திங்கள்

பக்ஷி வந்தான். கோப்பை அனுப்பச் சொல்லியிருந்தும் நேரில் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சார், இதை வேற யார் கையிலயும் கொடுத்தனுப்ப மனசு வரலை. கிளார்க் யாரும் பார்க்கலை. நான்கூட முதல் பக்கம்தான் பார்த்தேன்."

உறையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே சாட்சிகள் பட்டியல். ஏழு பெயர். ஏழாவது: திருமதி சுகுணா குலசேகரன், கடிதம் எழுதியவர்.

கடிதத்தின் முழு நகலும் விதிப்படி இணைத்திருந்தார்கள். மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து, முழுப் பெயர். கடைசியில் முகவரி. இந்த வீட்டு முகவரி. போன் நம்பர்கூட எழுதியிருக்கிறாள்.

ஒரு மாதமாக நான் மொட்டைக் கடிதம் என்று தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று ஆபீசிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். மணி நாலு. துணி வெளுப்பவருக்குக் கொடுக்கச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையில் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

உறையைக் கட்டில்மேல் போட்டேன். பார்த்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

"வந்துடுச்சா" என்றாள்.

"எதுக்குடீ இப்படிப் பண்ணினே?" கத்திவிட்டேன். வாசலில் நின்ற காவல்காரனுக்குக் கேட்டிருக்கும். "உனக்கு யாரு சொன்னா? எட்வினா? பொன்னையாவா?"

"நீங்கதான்."

"நானா?"

"அன்னிக்கு மதியம் சாப்பிடும்போது சொன்னீங்க. 'ஒரு நாள் தள்ளி வைங்கன்னு கெஞ்சறான், பரிசல் துறையைக் குத்தகைக்கு எடுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்தேன்'னு. நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. அப்பளம் போட்டுக்கிட்டே சிரிச்சேன். அப்ப அந்த ரெண்டு பேரும் உயிரோட இருந்தாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சீட்டையும் பார்த்தேன்" என்றாள். "பையில இருந்துச்சு. தண்ணில போயிடக் கூடாதேன்னு எடுத்து உங்க மேஜைல வெச்சேன். நீங்களே பார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் வாய்விட்டே கேட்டேன், அந்தச் சீட்டு என்னாச்சுன்னு. ஆபீஸ் விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னீங்க."

கேட்டிருக்கிறாள். இப்போது ஞாபகம் வருகிறது.

"என்கிட்டச் சொல்லிட்டு எழுதியிருக்கலாமில்ல?"

"சொன்னா எழுத விட்டிருப்பீங்களா? பயந்தேங்க. அனுப்பிட்டும் பயந்துகிட்டேதான் இருந்தேன். ஆனா பேரைப் போடாம அனுப்ப மனசு வரலை. ரசீதைக்கூட ஒளிச்சு வெக்கலை." பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. "பொன்னையாவை மாத்துனீங்க. சௌகான் பையனை அனுப்புனீங்க. தமிழ் தெரிஞ்சவன், தெரியாதவன் எல்லாரையும் சந்தேகப்பட்டீங்க. எனக்குத் தமிழ் தெரியாதா? என்னை ஏன் ஒரு தடவைகூடக் கேக்கலை?"

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

இன்று காலை புது வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். "களநிலைமைக்கேற்ப" என்றே கை ஆரம்பித்தது. மூன்று தாள் கிழித்தேன். அவள் சொல்வதைப் பொய்யென்று சொல்லிவிடலாம். மனைவிக்கு மனநிலை சரியில்லை என்று ஒரு வரி, மிலிட்டரி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சான்று. வழி இருக்கிறது. அந்த வழி எனக்கு எவ்வளவு சீக்கிரம் தோன்றியது என்பதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

பிறகு டைரியைப் பின்னால் புரட்டினேன். நாளுக்கு ஒரு பக்கம் அச்சடித்த டைரி இது. இன்றுவரை எல்லாப் பக்கமும் நிறைந்திருக்கிறது. ஒன்று மட்டும் காலி.

ஜூலை 11, வியாழன்

(செப்டம்பர் 3 அன்று எழுதியது)

காலை பதினொன்றரைக்கு ஆற்றங்கரைக்குப் போனேன். காலையிலிருந்து தண்ணீர் இரண்டடி ஏறியிருப்பதாகக் கர்னல் எட்வின் தேவசகாயம் அளவுகோலைக் காட்டினான். நானும் பார்த்தேன். ஒரு நாள் தள்ளிப்போட அனுமதி கேட்டான். மறுநாள் ஆர்மி கமாண்டர் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் வரும்போது பாலம் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். செப்டம்பர் தேர்வுக் குழுவையும் நினைத்தேன். மறுத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டான். அப்போதுதான் பரிசல் துறைப் பேச்சைப் பேசினேன். என் குரல் மேலே போனது. படகில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். அவன்தான் இசக்கிமுத்து என்று பிறகு போட்டோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எட்வின் ஜீப் பானட்டின்மேல் வைத்துச் சீட்டு எழுதினான். "தங்கள் வாய்மொழி உத்தரவுப்படி இன்று 1530 மணிக்குப் படகு இறக்கப்படும். நீர்மட்டம் பாதுகாப்பு அளவுக்கு மேல் உள்ளது என்று தெரிவித்துக்கொள்கிறேன்." தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டி, "ஒரு கையெழுத்து சார்" என்றான். அப்புறம் போடுகிறேன் என்று சீட்டையும் பேனாவையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அது என் உத்தரவு. எட்வினுடையது அல்ல.

சீட்டில் இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதியை ஜூலை 11 என்று போடவில்லை, இன்றைய தேதியைத்தான் போட்டிருக்கிறேன். சீட்டை இந்தப் பக்கத்தோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். நாளை விசாரணையில் டைரியை அப்படியே கொடுத்துவிடுவேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் பொன்னையாவைக் கூப்பிடட்டும்.

இந்தப் பேனா எட்வினுடையது. நாளைக்கு அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.